எபிசோட் 41: "லெட் யூ கோ" – ஒரு திண்டுக்கல்காரனும் கொஞ்சம் இங்கிலீஷ் சொலவடைகளும்

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் குறைத்திருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)

 

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. சின்னாளபட்டியிலிருந்து ஒரு தங்கச்சி. பி.காம் முடிச்சிருக்காங்க, வீட்டுல முதல் பட்டதாரி. சென்னையில ஒரு கம்பெனியில இன்டர்வியூ. அதுக்காக ஒரு கோச்சிங் வகுப்புல சேர்ந்திருக்காங்க, அங்கே ஒரு பி.டி.எஃப் கொடுத்திருக்காங்க: ஐந்நூறு ஆங்கில மரபுத்தொடர்கள், பக்கத்துலயே தமிழ் அர்த்தம். "அண்ணா, இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஒரு நாளைக்கு ஐம்பதுன்னு மனப்பாடம் பண்ணிட்டா சமாளிச்சிடலாமா?"ன்னு கேட்டாங்க. பின்னாடி தறிச் சத்தம் கேட்டுச்சு. எங்க ஊர்ப் பக்கம்ங்கிறதால அந்தச் சத்தம் எனக்கு நல்லா தெரியும்.

நான் உடனே பதில் அனுப்பலை. ஏன்னா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, இதுவரைக்கும் இந்த பாட்காஸ்ட்ல சொல்லாத ஒரு கதையைச் சொல்லணும்.

2013. நான் திண்டுக்கல்லில் தமிழ் மீடியம் படிச்சு, டிகிரி முடிச்சு, சென்னையில ஒரு கஸ்டமர் சர்வீஸ் கம்பெனியில சேர்ந்தேன். பேரு வேணாம். புரொபேஷன்ல அஞ்சாவது மாசம். ஊர்ல குலதெய்வம் கோயில்ல கிடா வெட்டு. எங்க அப்பத்தா போன் பண்ணி, "நீ வராட்டி நான் இலையில உட்கார மாட்டேன்"னு சொல்லிருச்சு. மேனேஜர்கிட்ட வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு கேட்டு மெயில் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். கூட ஹெச்.ஆர் மேடம். ரெண்டு பேர் முகமும் கொஞ்சம் வாட்டமா இருந்துச்சு, எனக்கு அது தோணலை. மேனேஜர் ரொம்ப மென்மையா பேசினார். என் உழைப்பைப் பாராட்டினார். கடைசியில சொன்னார்: "வி ஹேவ் டிசைடட் டு லெட் யூ கோ."

லெட் – விடு. யூ – உன்னை. கோ – போ. உன்னைப் போக விடுறோம்!

நான் எழுந்து நின்னு, "தேங்க்யூ சார், தேங்க்யூ சோ மச் சார், ஐ வில் பி பேக் ஆன் மண்டே"ன்னு சொல்லிட்டு, ரெண்டு பேருக்கும் கை கொடுத்துட்டு வந்துட்டேன். (சிரிப்பு) ஹெச்.ஆர் மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. மேனேஜர், "டேக் கேர்"னு மட்டும் சொன்னார். பாவம், அவருக்கும் அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு இப்போ தோணுது. அப்போ தோணலை.

ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். கறிச்சோறு சாப்பிட்டேன். சித்தப்பாகிட்ட "மேனேஜருக்கு என்மேல தனி மரியாதை"ன்னு பெருமை அடிச்சேன். திங்கக்கிழமை காலையில வந்து ஆபீஸ் கேட்ல கார்டு வச்சா சிவப்பு லைட். திரும்ப வச்சேன். திரும்பவும் சிவப்பு. செக்யூரிட்டி அண்ணன் லிஸ்டைப் பார்த்துட்டு, "தம்பி, உங்க பேரு இதுல இல்லையே, உள்ளாற மெயில் வந்திருக்குமே"ன்னார். அந்த மெயிலை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்க முடியும். ஆபீஸுக்குள்ள போகக் கார்டு வேணும்.

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் ஒரு கதவுக்கு வெளியே நின்ன கதை இது. வீட்டுல ரெண்டு மாசம் சொல்லலை. அந்த ரெண்டு மாசம் எப்படிப் போச்சுங்கிறதை விடுங்க.

இப்போ அந்த பி.டி.எஃப்புக்கு வருவோம். தங்கச்சி எனக்கு அதை அனுப்பியிருந்தாங்க, முழுசா பார்த்தேன். "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" இருக்கு. "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" இருக்கு. "கிக் தி பக்கெட்" இருக்கு. நம்ம எல்லாரும் ஸ்கூல்ல படிச்ச அதே பட்டியல். "லெட் யூ கோ" மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? அது பார்க்கிறதுக்குச் சொலவடை மாதிரியே இருக்காது. மூணும் யு.கே.ஜி வார்த்தை. நாயும் பூனையும் மழையா கொட்டுதுன்னு ஒருத்தர் சொன்னா, இது நேர் அர்த்தம் இல்லைன்னு யாருக்கும் தெரிஞ்சிடும். அர்த்தம் தெரியலைன்னாலும் உஷாராயிடுவோம். "லெட் யூ கோ" நம்மளை உஷார் பண்ணாது.

சென்னையில பதினோரு வருஷமா வெளிநாட்டு ஆட்களோட வேலை பார்க்கிறேன். "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"னு ஒரே ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கேன். அவர் பெங்களூர்க்காரர்.

ஆனா இந்தச் சின்னது எல்லாம் தினமும் வரும். ஒருத்தர்கிட்ட "காபி வேணுமா"ன்னு கேட்கிறீங்க. "ஐ'ம் குட்"ங்கிறார். "நான் நல்லவன்"னு இல்லை. வேணாம்னு அர்த்தம். நீங்க பேசிட்டிருக்கும்போது "கம் அகெய்ன்?"னு கேட்டா, வெளியே போயிட்டுத் திரும்ப வரச் சொல்லலை, சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கங்கிறாங்க. "ஐ'ம் அஃப்ரைட் வி ஆர் ஃபுல்"னு ஹோட்டல்காரர் சொன்னா, அவர் எதுக்கும் பயப்படலை. இடம் இல்லைன்னு வருத்தமா சொல்றார். "வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா அடுத்து வரப்போறதுல மரியாதை கம்மியா இருக்கும், நாற்காலியைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. "கேன் யூ ஹோல்ட் தி ஃபோர்ட்?"னா நான் வர்ற வரைக்கும் இங்கே பார்த்துக்கோன்னு அர்த்தம். கோட்டை ஊர்லேருந்து வந்தவன் நான், முதல் தடவை கேட்டப்போ ஒரு செகண்ட் நம்ம மலைக்கோட்டை கண்ணுக்கு முன்னால வந்துட்டுப் போச்சு.

கோட்டைன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. இங்கிலீஷ்ல "லாக், ஸ்டாக் அண்ட் பேரல்"னு ஒரு தொடர் உண்டு. ஒண்ணு விடாம, மொத்தமான்னு அர்த்தம். கடையை லாக், ஸ்டாக் அண்ட் பேரலா வித்துட்டார்னா சட்டி பானையோட வித்துட்டார்னு வச்சுக்கோங்க. நான் இதை முதல்ல கேட்டப்போ திண்டுக்கல் மூளைதானே, பூட்டுக் கடைன்னே நினைச்சேன். லாக் – பூட்டு. ஸ்டாக் – கடையில இருக்கிற சரக்கு. பேரல் – பீப்பாய். எண்ணெய் பீப்பாயா இருக்கும் போலன்னு. ஒரு பூட்டுக்கடை மாமா இப்படித்தான் பேசுவார், "லாக்கும் இருக்கு, ஸ்டாக்கும் இருக்கு, வாங்கத்தான் ஆளில்லை"ன்னு.

உண்மையில அது துப்பாக்கி. பழைய மஸ்கட் துப்பாக்கிக்கு மூணு பாகம். லாக்குன்னா தீப்பொறியை உண்டாக்கி வெடிக்க வைக்கிற விசைப்பகுதி. ஸ்டாக்குன்னா தோள்ல அணைச்சுக்கிற மரக்கட்டை. பேரல்னா குழல். மூணும் சேர்ந்தா முழுத் துப்பாக்கி. அதனால "மொத்தமா"ன்னு அர்த்தம் வந்துச்சு.

இந்தத் துப்பாக்கி ஒரு கொத்து சொலவடையைப் பெத்துப் போட்டிருக்கு. "ஃப்ளாஷ் இன் தி பேன்"னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த பேன் சமையல்கட்டு பேன் இல்லை. விசைக்குப் பக்கத்துல கொஞ்சூண்டு மருந்து வைக்கிற ஒரு சின்னக் குழி. பொறி அதுல விழுந்து, அங்கேயிருந்து ஒரு ஓட்டை வழியா உள்ளே இருக்கிற பெரிய மருந்துக்குப் போகணும். சில நேரம் குழியில மட்டும் பளிச்னு எரிஞ்சு அணைஞ்சிடும், குண்டு கிளம்பாது. ஒரே படம் ஹிட் கொடுத்துட்டுக் காணாமப் போற ஹீரோவை "ஃப்ளாஷ் இன் தி பேன்"ம்பாங்க. நம்ம இதுக்கு என்ன சொல்வோம்? புஸ்வாணம்! பட்டாசு ஊரைப் பக்கத்துல வச்சிருக்கிற நமக்குப் பட்டாசு, படை வச்சிருந்தவங்களுக்குத் துப்பாக்கி. அப்புறம் "ஹாஃப் காக்ட்". விசையிலே சுத்தி மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதைப் பாதி இழுத்து வச்சா பாதுகாப்பு நிலை. அப்படி இருக்கும்போதே வெடிச்சிட்டா விபத்து. சரியா தயாராகாம அவசரப்பட்டு இறங்கிறவங்களை இப்படிச் சொல்வாங்க.

நம்ம ஊர் மலைக்கோட்டை மேலே போயிருக்கீங்களா? 1605-ல மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டினதுன்னு சொல்றாங்க. 1755-ல ஹைதர் அலி இங்கே வந்து தங்கினார். திப்பு சுல்தான் தோத்த அப்புறம் 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல திண்டுக்கல் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போச்சு. அதாவது இங்கிலீஷ் எங்க ஊருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வழியா வரலை. லாக், ஸ்டாக், பேரல் மூணையும் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துச்சு. போன தடவை ஊருக்குப் போனப்போ அந்த மேல்படியில உட்கார்ந்து இதை யோசிச்சிட்டிருந்தேன். கீழே ஊர் முழுக்கத் தெரியுது, பிரியாணிக் கடை, பஸ் ஸ்டாண்டு, "30 நாளில் ஆங்கிலம்" போர்டு எல்லாம்.

பூட்டு பத்தியும் ஒரு வார்த்தை. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரியும். மாங்காய்ப் பூட்டுன்னு ஒண்ணு, பார்க்க மாங்காய் மாதிரியே இருக்கும். இன்னும் கையால செய்றவங்க இருக்காங்க. ஆனா ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது. அது தனி எபிசோட், கட்டாயம் பண்றேன்.

இப்போ ஒரு கேள்வி. இங்கிலீஷ்காரன் மட்டும்தான் நேரா பேசாம சுத்தி வளைக்கிறானா? நம்ம என்ன யோக்கியம்?

எங்க டீம்ல ஒரு அயர்லாந்துக்காரர் இருந்தார். தமிழ் கத்துக்கிறேன்னு ஆசைப்பட்டார். ஒரு நாள் அவர்கிட்ட ஒருத்தன் "சார், காது குத்தாதீங்க"ன்னு சொல்லிட்டான். அவர் தன் கையைப் பார்க்கிறார். என் கையில ஊசியே இல்லையேங்கிறார். அடுத்த மாசம் இன்னொரு நண்பர் மகளுக்குக் காது குத்து, பத்திரிகை வச்சு அழைச்சார். இவர் என்கிட்ட வந்து ரகசியமா, "பொய் சொல்றதுக்கு விழா எடுப்பீங்களா?"ன்னு கேட்டார். (சிரிப்பு) தாய்மாமன் மடியில உட்கார வச்சு, மொட்டை போட்டு, நிஜமாவே குத்துவாங்கன்னு விளக்கி முடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

அல்வாவை எடுத்துக்கோங்க. இங்கிலீஷ்ல சுலபமான வேலைக்கு "பீஸ் ஆஃப் கேக்"ங்கிறான். நம்மளும் "இது அல்வா சாப்பிடற மாதிரி"ங்கிறோம். அட, ரெண்டு ஊரும் ஒண்ணுதான்னு நினைக்கும்போது "எனக்கு அல்வா கொடுத்துட்டான்"ங்கிறோம். சாப்பிட்டா சுலபம், கொடுத்தா ஏமாத்து! அதே மாதிரி "கை கழுவிட்டான்"னா பாதியில விட்டுட்டுப் போயிட்டான். "எங்க வீட்டுல கை நனைக்காம போறீங்களே"ன்னா ஒரு வாய் சாப்பிடாம போறீங்களேன்னு வருத்தம். ரெண்டுலயும் கைதான், தண்ணிதான். ஒண்ணு உறவை முடிக்குது, இன்னொண்ணு உறவு இருக்குன்னு காட்டுது. கை நனைக்க மாட்டேன்னு ஒரு வீட்டுல சொல்றதுக்குப் பின்னால எவ்வளவு பகை, சில ஊர்ல எவ்வளவு சாதி இருக்குன்னு வெளியாளுக்கு எந்த பி.டி.எஃப்பும் சொல்லித் தராது.

எல்லாத்தையும் விடுங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்க என்ன சொல்றீங்க? "போறேன்"னு சொல்லிப் பாருங்க, அப்பத்தா செருப்பைத் தூக்கும். "வர்றேன்"னு சொல்லணும். போறவன் வர்றேங்கிறான்! அப்புறம் எங்க பக்கம் ஒருத்தர் இறந்துட்டா "தவறிட்டாரு"ம்போம். அதுல தப்பும் இல்லை, தவறும் இல்லை. மெல்லச் சொல்றோம். வேலையிலிருந்து தூக்கிட்டேன்னு நேரா சொல்ல வாய் வராத அந்த மேனேஜரும் மெல்லத்தான் சொல்லியிருக்கார். எனக்கு அந்த மென்மையோட அகராதி தெரியலை, அவ்வளவுதான்.

நம்ம ஊர் இங்கிலீஷே ஒரு தனி ரகம். ரெஸ்யூமேல "பாஸ்டு அவுட் இன் 2012"னு போட்டிருந்தேன். இங்கிலாந்துல அதைப் படிக்கிறவருக்கு 2012-ல மயங்கி விழுந்துட்டேன்னு முதல்ல தோணும். "அவுட் ஆஃப் ஸ்டேஷன்"னு நம்ம சொல்றது கம்பெனி காலத்துச் சொல். அதிகாரிகளைப் போஸ்டிங் போட்ட ஊருக்குப் பேரு ஸ்டேஷன். ஸ்டேஷன் போச்சு, கம்பெனி போச்சு, நம்ம இன்னும் அவுட் ஆஃப் ஸ்டேஷன்ல இருக்கோம். "டு தி நீட்ஃபுல்" அவங்களே ஒரு காலத்துல எழுதினதுதான்; அவங்க கைவிட்டாங்க, நம்ம தாலுகா ஆபீஸ்ல பத்திரமா வச்சிருக்கோம். "ப்ரீபோன்" நம்ம ஆளுங்க பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, இப்போ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே இருக்கு. இதையெல்லாம் தப்புன்னு சிரிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். எங்கே பேசுறோம், யார் கேட்கிறாங்கன்னு பார்த்துப் பேசினா போதும்.

ஏன்னா இங்கிலீஷ்காரங்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் இருக்கு. "டேபிள்"னு ஒரு வினை. கூட்டத்துல ஒரு விஷயத்தை டேபிள் பண்ணுவோம்னா பிரிட்டன்ல இப்பவே எடுத்துப் பேசுவோம்னு அர்த்தம். அமெரிக்காவுல இப்போதைக்கு ஒத்திவைப்போம்னு அர்த்தம். நேர் எதிர்! இரண்டாம் உலகப்போர் நேரத்துல ரெண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு வார்த்தைக்காக ரொம்ப நேரம் சண்டை போட்டிருக்காங்க. கடைசியில பார்த்தா ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்காங்க. சர்ச்சில் தன்னோட போர் வரலாற்று நூல்ல இதை எழுதியிருக்கார். அவங்களுக்கே இந்த நிலைமைன்னா, கிடா வெட்டுக்கு லீவு கேட்டவன் எம்மாத்திரம்.

சர்ச்சில்னு சொன்னதும் திண்டுக்கல்காரங்க யாராவது இந்நேரம் "எங்க ஊர் சுருட்டு"ன்னு கமெண்ட் போட விரலைத் தூக்கியிருப்பீங்க. தெரியும். சுருட்டு விஷயத்துல சர்ச்சிலை விட எனக்குப் பிடிச்சது அந்த வார்த்தைதான். இங்கிலீஷ்ல "செரூட்"னு ஒரு சொல் இருக்கே, அது நம்ம "சுருட்டு"தான். சுருட்டுறதால சுருட்டு. 1600-கள்லயே அவங்க மொழிக்குள்ள போயிடுச்சு. அந்தக் காலத்துல லண்டன்ல "டிரிச்சினாப்பொலி" சுருட்டுன்னா பிரசித்தம். பேரு திருச்சிக்கு, இலை எங்க திண்டுக்கல் பக்கத்துலேருந்து போனது. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அவர் தரையில கிடந்த சாம்பலை வச்சு இது டிரிச்சினாப்பொலி சுருட்டுன்னு கண்டுபிடிப்பார். எங்க ஊர்ச் சாம்பலை வச்சு லண்டன்ல கொலைகாரனைத் தேடியிருக்காங்க.

"க்ளோஸ், பட் நோ சிகார்"னு ஒரு அமெரிக்கச் சொலவடை இருக்கு. கிட்ட வந்துட்டே, ஆனா கிடைக்கலை. அங்கே திருவிழாச் சந்தையில குறி பார்த்து அடிக்கிற விளையாட்டுக்குச் சுருட்டுதான் பரிசாம். நம்ம பொருட்காட்சியில பலூன் சுட்டா சோப்பு டப்பா கொடுப்பாங்களே, அந்த மாதிரி. நூலிழையில தவறினவனுக்குச் சுருட்டு கிடையாது.

கட்டுமரம் "கேட்டமரன்" ஆச்சு, மிளகுத்தண்ணி "முல்லிகட்டானி" ஆச்சு. இப்படி நம்மகிட்டேயிருந்து போன சொற்களை எல்லாம் யூல், பர்னெல்னு ரெண்டு பேர் 1886-ல "ஹாப்சன்-ஜாப்சன்"னு ஒரு பெரிய அகராதியா போட்டாங்க. அதைப் புரட்டினா பெருமையா இருக்கும்.

பெருமைப்பட முடியாத ஒரு சொல்லும் அப்படித்தான் போயிருக்கு. இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்.

என்னோட ரெண்டாவது வேலை. முதல் வேலையில வாங்கின அடிக்கு, வெறித்தனமா இங்கிலீஷ் பத்திரிகை படிச்சேன். நல்ல சொல்லா தெரிஞ்சதையெல்லாம் நோட்டுல எழுதி வச்சேன். ஒரு பிரசன்டேஷன்ல, யாரும் தொழில் வச்சுக்க விரும்பாத ஒரு கம்பெனியைப் பத்திச் சொல்லணும். "பரையா"ன்னு போட்டேன். இங்கிலீஷ் செய்திகள்ல தினமும் வரும், "பரையா ஸ்டேட்"னு, உலகம் ஒதுக்கி வச்ச நாடுன்னு. மேலே இருக்கிறவங்க "நைஸ்"னு சொன்னாங்க. எனக்கு ஒரே குஷி.

டீ குடிக்கப் போனப்போ சீனியர் அண்ணன் ஒருத்தர் கூட வந்தார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "தம்பி, அந்த ஸ்லைடுல ஒரு வார்த்தை போட்டியே, அது எந்த மொழின்னு தெரியுமா?"

இங்கிலீஷ்தானேண்ணே, லத்தீன்லேருந்து வந்திருக்கும்னேன்.

"தமிழ்ப்பா. எங்க சாதிப் பேரு."

பறைங்கிற இசைக்கருவி, அதிலிருந்து ஒரு மக்களுக்குப் பேரு. போர்ச்சுக்கீசியர் காதுல விழுந்து, இங்கிலீஷுக்குப் போய், "எல்லாரும் ஒதுக்கினவன்"ங்கிற பொதுச் சொல்லா மாறிடுச்சு. நம்ம ஊர்ல ஒரு கூட்டம் மனுஷங்களை ஊருக்கு வெளியே வச்சோம். அந்தக் கொடுமையை வெளிநாட்டுக்காரன் பார்த்து, அந்தப் பேரையே ஒதுக்கலுக்கான சொல்லா எடுத்துக்கிட்டான். இருநூறு வருஷத்துக்கு மேல அந்தச் சொல் ஊர் சுத்திட்டு, கோட் சூட் போட்டுக்கிட்டு, என் ஸ்லைடுல வந்து உட்கார்ந்துச்சு. நான் அதை ஸ்டைல்னு நினைச்சேன்.

அந்த அண்ணன் திட்டலை. "நீ தெரியாம போட்டே, தெரியும். ஆனா அங்கே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியுமே"ன்னார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

அர்த்தம் தெரிஞ்சா போதாதா, வரலாறு எதுக்குன்னு கேட்பீங்க. "பரையா"வோட அர்த்தம் எனக்கு நல்லாத் தெரியும். நோட்டுல எழுதி வச்சிருந்தேன்னு சொன்னேனே. இன்னைக்கும் பெரிய பெரிய பத்திரிகைகள் யோசிக்காம அதை எழுதிட்டுத்தான் இருக்கு. இது எங்களை இழிவுபடுத்துற சொல்னு எதிர்ப்பு வந்த பிறகும். "அவுட்காஸ்ட்"னு போடலாமான்னு கேட்டா அதுலயும் சாதி வாசனை அடிக்குது. "ஐசொலேட்டட்"னு எழுதுங்க, "ஷன்ட்"னு எழுதுங்க, தனிமைப்பட்ட நாடுன்னு எழுதுங்க. சொல்லுக்கா பஞ்சம்?

எதிர்ப் பக்கம் வந்த போக்குவரத்தும் உண்டு. நம்ம பத்திரிகைத் தமிழ்ல பாதிச் சொலவடை இங்கிலீஷ்லேருந்து வந்து குடியேறினது. சிவப்பு நாடா, முதலைக் கண்ணீர், வெள்ளை யானை, கறுப்பு ஆடு, மூளைச்சலவை, தேன்நிலவு. அரசாங்கக் காகிதக் கட்டைச் சிவப்பு நாடாவால கட்டுறது அங்கே வழக்கம், அதனால தாமதத்துக்கு அந்தப் பேரு. இதுல எனக்குப் பிடிச்ச மொழிபெயர்ப்பு பனிப்போர். "கோல்ட் வார்". நேரா பார்த்தா குளிர்ப்போர்னு வரணும். வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் யாரும் பனிப்பொழிவைப் பார்த்ததில்லை, இருந்தாலும் யாரோ ஒரு உதவி ஆசிரியருக்குப் பனின்னு தோணியிருக்கு, சரியா உட்கார்ந்துடுச்சு. மாமியாருக்கும் மருமகளுக்கும் பனிப்போர்னா அப்பத்தாவுக்கே புரியும்.

வத்தலக்குண்டுன்னதும் பி.ஆர். ராஜம் ஐயர் ஞாபகம். 1872-ல அந்த ஊர்ல பிறந்தவர். "கமலாம்பாள் சரித்திரம்" எழுதினவர். பேச்சுத் தமிழ் அதுல அப்படிப் புரளும். அதே ஆள்தான் 1896-ல "பிரபுத்த பாரதா"ன்னு ஒரு இங்கிலீஷ் மாதப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியர். 26 வயசுல போயிட்டார். ரெண்டு மொழியிலயும் வீடு கட்டி வாழ்ந்த ஒரு பையன் நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்துல இருந்திருக்கான்னு நினைச்சா எனக்கு ஒரு தெம்பு.

நம்ம தலைமுறை வேற ஒரு கூத்து பண்ணியிருக்கு. இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து இங்கிலீஷ்காரனுக்கே புரியாத சொலவடை செஞ்சிருக்கோம். சீன் போடுறான். பில்டப் கொடுக்கிறான். ஃபிலிம் காட்டுறான். டீல்ல விட்டுட்டான். "நேத்து செம பல்பு வாங்கினேன்"னு லண்டன்ல போய்ச் சொல்லுங்க, எத்தனை வாட்ஸ்னு கேட்பான். "லைன் கிளியர்" ரயில்வேக்காரங்க சொல். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன்ல பாதை காலியான்னு கேட்டு வாங்குற அனுமதி. அதைப் பக்கத்துத் தெருப் பொண்ணோட அண்ணன் ஊர்ல இல்லைங்கிறதுக்குப் பயன்படுத்தினவங்க நம்ம ஆளுங்க. (சிரிப்பு) வேணாம், அதுக்குள்ள போகலை.

சரி, தங்கச்சிக்குப் பதில். பதில் ஏற்கெனவே தனியா அனுப்பிட்டேன், இருந்தாலும் இங்கேயும் சொல்றேன்.

ஐந்நூறையும் மனப்பாடம் பண்ணாதீங்கம்மா. இன்டர்வியூல யாரும் "ப்ளூ மூன்"னா என்னன்னு கேட்கப் போறதில்லை. நீங்களா போய் "அட் தி எண்ட் ஆஃப் தி டே, ஐ'ம் எ கோ-கெட்டர்"னு விட்டீங்கன்னா, எதிர்ல இருக்கிறவருக்கு அது மனப்பாடம்னு தெரிஞ்சிடும். உங்க அம்மா தறியில என்ன செய்றாங்க, நீங்க கணக்கு எப்படி எழுதிக் கொடுத்தீங்கன்னு வாய்ஸ் நோட்டுல சொன்னீங்களே, அதைச் சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல சொல்லிப் பழகுங்க. பத்து நாள் அதுக்கே சரியா இருக்கும்.

இன்னொண்ணு. ஒரே ஒரு வரியை மட்டும் நல்லா வாய்க்குப் பழக்கிக்கோங்க: "சாரி, வாட் டு யூ மீன் பை தட்?" கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. வெட்கம் போற வரைக்கும் சொல்லுங்க. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தா வேலை திரும்பி வந்திருக்காது. ஆனா ஹெச்.ஆர் மேடம் வாயெடுத்தாங்களே, அதைச் சொல்லி முடிச்சிருப்பாங்க. செட்டில்மென்ட், லெட்டர் எல்லாம் அன்னைக்கே வாங்கியிருப்பேன். அதுக்கு அப்புறம் நாலு தடவை அலைஞ்சேன்.

நமக்குக் கேட்கக் கூச்சம். கேட்டா தமிழ் மீடியம்னு தெரிஞ்சிடும்னு பயம். எனக்கு இப்போ மேனேஜரா இருக்கிற அம்மா டெல்லியில கான்வென்ட்ல படிச்சவங்க. அமெரிக்க க்ளையன்ட் ஏதோ பேஸ்பால் சொலவடை விட்டார்னா, கூசாம "வாட்ஸ் தட்?"னு கேட்பாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே விளக்குவார். நானும் அதுலதான் "பால்பார்க் ஃபிகர்"னா தோராயக் கணக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். பார்க்கும் இல்லை, பாலும் இல்லை.

தங்கச்சிக்கு இன்டர்வியூ வர்ற வியாழக்கிழமை. முடிஞ்சதும் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாய்ஸ் நோட் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல தப்பா புரிஞ்சுக்கிட்டு மாட்டின தொடர் ஏதாவது இருந்தா ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பேர் வேணாம்னா பேர் போடாம வாசிக்கிறேன். அடுத்த எபிசோட் மாங்காய்ப் பூட்டு. ஒரு பட்டறையில பேச்சு வாங்கி வச்சிருக்கேன், சுத்தியல் சத்தத்தை எப்படிக் குறைக்கிறதுன்னுதான் தெரியலை.

சரி மக்களே, வர்றேன்.